இதயத்தின் எலும்புக்கூடு: ஒரு நூற்றாண்டுத் தேடலின் கதை

இளவயது மரணங்களைப் பற்றிய செய்திகளில் தமிழ்ப் பத்திரிகைகள் கூசாமல் பயன்படுத்தும் ஒரு சொல் 'மாரடைப்பு'. ஐம்பது வயதுக் கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும் மாரடைப்பு. பதினேழு வயது மாணவன் ஓட்டப் போட்டியின் நடுவே சுருண்டு விழுந்தாலும் மாரடைப்பு. முன்னவருக்கு இதயத்தின் குருதிக் குழாய் அடைபட்டிருக்கும். பின்னவனுக்குப் பெரும்பாலும் எந்தக் குழாயும் அடைபட்டிருக்காது. அவனது இதயத்தசையின் கட்டுமானத்திலேயே, பிறக்கும்போதே எழுதப்பட்ட ஒரு பிழை இருந்திருக்கக்கூடும். இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடுவதனால் விளையும் கேடு சொற்பமானதன்று. ஏனெனில் முதலாவது நோய் ஒருவரோடு நின்றுவிடலாம். இரண்டாவது, அந்த மாணவனின் தம்பி தங்கையரிடமும் சத்தமின்றிக் குடியிருக்கலாம்.

2003 ஜூன் 26ஆம் திகதி பிரான்சின் லியோன் நகரில் நடந்ததை உதைபந்தாட்ட இரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதிப் போட்டியின் 72ஆவது நிமிடத்தில், அருகில் எவருமில்லாத வேளையில், கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதானத்தின் நடுவில் சரிந்தார். அவருக்கு வயது 28. பிரேத பரிசோதனையில் தெரியவந்தது, இதயத்தசை அளவுமீறித் தடித்துப்போகும் ஒரு பரம்பரை நோய். உலகில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் காணப்படும் இந்த நோயை விளங்கிக்கொள்வதற்கு மனிதகுலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது. கலைப்பட்டதாரியான நான் உயிரியலில் பண்டிதன் அல்லன். ஆயினும் இந்தத் தேடலின் வரலாறு போரும் தலைமறைவும் தீவுகளும் கிராமங்களும் நிறைந்த ஒரு வரலாறு. அது சொல்லப்பட வேண்டியது.

உடலுக்கு எலும்புக்கூடு இருப்பதுபோல, உடலின் ஒவ்வொரு கலத்துக்கும் புரத இழைகளாலான ஒரு சட்டகம் உண்டு. அதனைக் குழிய வன்கூடு என்பர். இதயத்தசைக் கலத்தில் இந்தச் சட்டகம் வெறும் தாங்குதூண் அன்று. அதுவே இயந்திரமும் ஆகும். மில்லிமீற்றரின் 500இல் ஒரு பங்கு நீளமேயுள்ள சின்னஞ்சிறு அலகுகள் கோர்வையாக அடுக்கப்பட்டு, நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் தடவை சுருங்கி விரிகின்றன. ஒருநாளேனும் ஓய்வில்லை. கட்டடத்தின் தூண்களே இடையறாது அசைந்துகொண்டிருந்தால், எந்தத் தூணில் எந்தச் சிறு வெடிப்பு இருந்தாலும் அது என்றோ ஒருநாள் வெளித்தெரியத்தானே செய்யும்?

1864ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடற்றொழிலியலாளரான வில்லி கூன என்பவர் தவளையின் தசையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து அதற்கு மயோசின் என்று பெயரிட்டார். தசை சுருங்குவதன் இரகசியம் அதற்குள்தான் இருக்க வேண்டுமென எண்ணப்பட்டது. ஆனால் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு விடையில்லை. 1939இல் மொஸ்கோவில் விளாடிமிர் எங்கல்ஹார்ட், மிலிற்சா லுபிமோவா என்ற தம்பதியர் ஒரு முக்கிய உண்மையைக் கண்டனர். கலங்களின் எரிபொருளான ஏ.ரி.பி. என்ற பதார்த்தத்தை உடைத்துச் சக்தியை வெளிவிடுவது வேறொன்றுமன்று, அதே மயோசின்தான் என்பதே அது. கட்டுமானப் பொருளே எரிபொருளையும் எரிக்கிறது! அந்நாளைய விஞ்ஞானிகளுக்கு இது பெரும் வியப்பாயிருந்தது.

அந்தச் செய்தி ஹங்கேரியின் செகெட் நகரத்தை எட்டியது. அங்கே அல்பேர்ட் சென்ற்-ஜோர்ஜி என்ற பேராசிரியர் இருந்தார். அந்த ஊரின் புகழ்பெற்ற சிவப்பு மிளகாயிலிருந்து விற்றமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தவர். 1937இல் நோபல் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப்போர் மூண்டு, ஐரோப்பாவின் ஆய்வுகூடங்கள் ஒன்றிலிருந்தொன்று துண்டிக்கப்பட்டிருந்த காலம். அவர் தமது சகாக்களான இலோனா பாங்கா, புரூனோ ஷ்ற்ராப் ஆகியோருடன் தசையை ஆராயத் தொடங்கினார். மயோசின் என்று இதுவரை அழைக்கப்பட்டது சில வேளைகளில் நீர்த்தும் சில வேளைகளில் பாகுபோலத் தடித்தும் இருந்ததன் காரணம் என்ன என்ற கேள்வியே அவர்களின் தொடக்கம். தடித்த வகையில் இன்னொரு புரதம் கலந்திருக்கிறது என்பதை 1942இல் ஷ்ற்ராப் கண்டுபிடித்தார். அதற்கு அக்ரின் என்று பெயர் வந்தது.

இவ்விரண்டும் சேர்ந்த கலவையை நூலாக இழுத்து, அதன்மேல் ஏ.ரி.பி.யைச் சேர்த்தபோது, அந்த உயிரற்ற நூல் கண்முன்னே சுருங்கியது. தமது ஆராய்ச்சி வாழ்வின் மிகப் பரவசமான கணம் அதுவே என்று சென்ற்-ஜோர்ஜி பின்னாளில் கூறினார். உயிரின் அடையாளமான அசைவு முதன்முறையாக ஒரு கண்ணாடித் தட்டில் நிகழ்ந்திருந்தது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, அந்தப் பல்கலைக்கழகம் தானே அச்சிட்ட சிறு பிரசுரங்களில்தான் வெளியானது. வெளியுலகுக்கு அது போரின் முடிவில்தான் பரவலாகத் தெரியவந்தது.

இதற்கிடையில் அந்தப் பேராசிரியர் செய்த இன்னொரு காரியத்தையும் குறிப்பிட வேண்டும். 1943இல் விஞ்ஞான விரிவுரை நிகழ்த்துவதாகக் கூறிக்கொண்டு இஸ்தான்புல் சென்ற அவர், ஹங்கேரியை நாசிகளின் பிடியிலிருந்து விடுவிப்பதற்காக நேச நாடுகளின் பிரதிநிதிகளுடன் இரகசியமாகப் பேசினார். விடயம் ஹிட்லரின் காதுக்கு எட்டியது. வீட்டுக் காவல், தப்பியோட்டம், தலைமறைவு என்று போர் முடியும்வரை அவர் வாழ்வு கழிந்தது. இதயத்தின் இயந்திரத்தைத் திறந்து காட்டியவர் தம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்த காலம் அது.

சுருங்குகிறது, சரி, எப்படிச் சுருங்குகிறது? இழைகள் தாமே மடிந்து குறுகுகின்றன என்றே பலரும் நம்பினர். 1954 மே 22ஆம் திகதி 'நேச்சர்' சஞ்சிகையில் அடுத்தடுத்து வெளியான இரண்டு கட்டுரைகள் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தன. ஒன்றை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். மற்றதை எழுதியவர்கள் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ரொல்ஃப் நிடர்கேர்க்கேயும். இரு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவுமில்லை. முன்னவர்கள் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பின்னவர்கள் கேம்பிரிட்ஜிலும் இருந்து, தனித்தனி வழியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தனர். இழைகள் குறுகுவதில்லை. தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய அக்ரின் இழைகளும் ஒன்றினிடையே மற்றொன்று வழுக்கிச் செல்கின்றன. இரு கைகளின் விரல்களை இடையிட்டுக் கோர்த்து, உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல்களின் நீளம் மாறவில்லை, கைகள்தான் நெருங்குகின்றன. இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் இதுவே.

இயந்திரத்தைப் பற்றிய அறிவு ஆய்வுகூடங்களில் இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்க, அதன் பழுதைப் பற்றிய அறிவு பிணவறையில் பிறந்தது. லண்டன் சென்ற் ஜோர்ஜ் வைத்தியசாலையைச் சேர்ந்த டொனால்ட் ரியர் என்பவர் சட்ட மருத்துவத்தில் பெயர் பெற்றவர். பிற்காலத்தில் இசைக்கலைஞர் ஜிமி ஹென்ட்றிக்ஸின் பிரேத பரிசோதனையைச் செய்தவரும், நடிகர் புரூஸ் லீயின் மரண விசாரணையில் சாட்சியமளித்தவரும் இவரே. 1958இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் எட்டுப் பேரின் இதயங்களை விபரித்திருந்தார். பெரும்பாலானோர் திடீரென இறந்த இளைஞர்கள். அவர்களது இதயத்தின் இடது, வலது அறைகளைப் பிரிக்கும் சுவர் ஒருபக்கமாகப் பருத்திருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ், வரிசையாக இருக்க வேண்டிய தசை நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கிடந்தன. சந்தேகத்துக்கிடமான மரணங்களில் குற்றவாளியைத் தேடுவதே தொழிலாகக் கொண்டவர், இங்கே குற்றவாளி உடலுக்குள்ளேயே இருக்கக் கண்டார்.

அடுத்த காட்சி கனடாவின் கியூபெக் மாகாணத்துக் கிராமப்புறம். அங்கே பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பமொன்றில் தலைமுறை தலைமுறையாக இளவயதில் ஆட்கள் இறந்துகொண்டிருந்தனர். கோற்றிகுக் என்ற ஊரின் பெயரால் அதனைச் 'சாபம்' என்றே அயலவர் அழைத்தனர். மொன்றியால் வைத்தியர் பீற்றர் பாரேயும் அவரது குழுவினரும் அக்குடும்பத்தின் வம்சவிருட்சத்தை வரைந்து, இது சாபமன்று, பரம்பரை நோய் என்று 1961இல் எழுதினர். நோயுள்ள ஒருவரின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. ஆனால் எந்தப் பரம்பரையலகில் பிழை என்பதை அறியும் கருவிகள் அன்று இருக்கவில்லை.

அதே குடும்பத்தின் குருதி மாதிரிகள் மூன்று தசாப்தங்களின் பின்னர் பொஸ்ரன் நகரில் விடையளித்தன. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்ரின், ஜொனதன் சைட்மன் தம்பதியரின் ஆய்வுகூடம் 1989இல் அந்தப் பிழை 14ஆவது நிறமூர்த்தத்தில் இருப்பதைக் கண்டது; 1990இல் பிழையையே கண்டுபிடித்தது. ஏறத்தாழ 1,900 அமினோ அமிலங்கள் கோர்க்கப்பட்ட மயோசின் சங்கிலியில், 403ஆவது இடத்தில் மட்டும் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று. அவ்வளவுதான். ஓர் எழுத்துப் பிழை, ஒரு குடும்பத்தைத் தலைமுறைகளாகக் கொன்றுவந்திருக்கிறது. 1864இல் கூன பெயரிட்ட அதே புரதம், அதே பெயர். அச்சகப் பிழைகளோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டும் தொழிலைச் சேர்ந்த எனக்கு, இதனை வாசித்தபோது ஏற்பட்ட திகைப்பு இன்றும் நீங்கவில்லை.

அக்காலத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1987இல் பொஸ்ரனிலேயே லூயிஸ் குங்கெலின் குழு, சிறுவர்களை முடக்கும் டுஷேன் தசைநலிவு நோயில் இல்லாமற்போகும் டிஸ்ரொபின் என்ற புரதத்தை இனங்கண்டது. கலத்தின் உட்சட்டகத்தை வெளிச்சுவரோடு கட்டிவைக்கும் கயிறு அது. கயிறு அறுந்தால், ஒவ்வொரு சுருக்கத்திலும் சுவர் கிழிகிறது. கைகால் தசைகளோடு இதயமும் நைந்துபோகிறது. 1998இல் அக்ரினில் ஏற்படும் விகாரங்கள் இதயத்தை வீங்கி விரிந்துபோகச் செய்யும் என்பது தெரியவந்தது. மயோசினில் பிழையென்றால் தடிப்பு, அக்ரினில் பிழையென்றால் விரிவு என்று சுலபமாகப் பிரித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்; ஒரே புரதத்தின் வெவ்வேறு பிழைகள் வெவ்வேறு நோய்களைத் தருகின்றன என்பதும் பின்னர் புலனாயிற்று.

கிரேக்கத்தின் நக்சோஸ் தீவிலும் ஒரு தம்பதியர். நிக்கோஸ் புரொற்றொனோற்றாரியோஸ், அடலீனா ற்சற்சொப்பூலு என்ற அவ்விரு வைத்தியர்களும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தனர். உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்தும் தலைமயிர் கம்பளி போலச் சுருண்டும் இருந்த சில குடும்பத்தவர்களுக்கு இதயத் துடிப்பும் பிறழ்ந்திருந்தது. 1986இல் அவர்கள் இதனை உலகுக்கு அறிவித்தனர். தோலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? 2000ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. ஒரு கலத்தின் சட்டகத்தை அடுத்த கலத்தோடு பிணைக்கும் பொருத்துக்களில் உள்ள பிளக்கோகுளோபின் என்ற புரதம் பழுதாகியிருந்தது. இடைவிடாது இழுபடும் உறுப்பு இதயம். இடைவிடாது உராயும் உறுப்பு தோல். இரண்டுக்கும் ஒரே வகையான பொருத்து வேண்டியிருந்தது. பெரிய ஆய்வுகூடம் எதுவும் இல்லாத தீவொன்றில், நோயாளியின் உள்ளங்கையைக் கூர்ந்து பார்த்ததனால் கிடைத்த அறிவு இது.

ரைற்றின் என்ற புரதத்தின் கதையும் இவ்வாறானதே. யப்பானின் கொசாக் மருயாமா 1970களின் நடுப்பகுதியில் தசையின் மீள்தன்மைக்குக் காரணமான ஒன்றைக் கண்டார். 1979இல் அமெரிக்காவில் குவான் வாங் அதே புரதத்துக்குக் கிரேக்கப் புராணத்து அரக்கர்களின் பெயரைச் சூட்டினார். பெயருக்கேற்ப, அறியப்பட்ட மனிதப் புரதங்களில் அதுவே மிகப் பெரியது. 30 ஆயிரத்துக்கும் அதிகமான அமினோ அமிலங்களைக் கொண்டது. இழுபட்ட இதயத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சுருள்வில் அது. அவ்வளவு பெரிய பரம்பரையலகை முழுமையாக வாசிப்பது நெடுங்காலம் இயலாதிருந்தது. புதிய தொழில்நுட்பம் வந்தபின், 2012இல், பரம்பரையாக வரும் இதய விரிவு நோயாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ரைற்றின் பாதியில் அறுபட்டிருப்பது தெரியவந்தது. 2016இல் இன்னொரு செய்தி: பிள்ளைப்பேற்றை ஒட்டி இதயம் பலவீனமடையும் தாய்மாரிடம் நடத்திய ஆய்வில் சுமார் 15 வீதத்தினருக்கு இத்தகைய விகாரங்கள் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை இதே ரைற்றினில். பிள்ளை பெற்ற களைப்பு என்று ஒதுக்கப்படும் மூச்சிளைப்பு எல்லாம் களைப்பல்ல என்பதை நமது பாட்டிமாரும் மருத்துவிச்சிமாரும் அறிந்திருத்தல் நன்று.

இனி நமது வீட்டு வாசலுக்கு வருவோம். மயோசின் இழைகளைச் சுற்றிப் பட்டி போலப் பிணைந்து, அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதம் உண்டு. 'சி' புரதம் என்று 1970களின் தொடக்கத்தில் லண்டன் ஆய்வாளர்களால் அழைக்கப்பட்டது. இதயத்தசைத் தடிப்பு நோயில் மிக அதிகமாகப் பழுதடைந்து காணப்படும் பரம்பரையலகுகளில் இதற்குரியது முதன்மையானது. 2003இல் இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் இப்பரம்பரையலகின் ஒரு பகுதியில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருப்பது கண்டறியப்பட்டது. 2009 ஜனவரியில் பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலானோர் 'நேச்சர் ஜெனற்றிக்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. அந்த விடுபடல் தென்னாசியரில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலும் தென்கிழக்காசியாவின் சில பகுதிகளிலும் அது காணப்பட்டது. பிற கண்டங்களின் மக்களிடம் காணப்படவில்லை. ஆறு கோடிப் பேர் அதனைச் சுமப்பதாக மதிப்பிடப்பட்டது. அதனைச் சுமப்போருக்கு இதயம் செயலிழக்கும் ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்கு என்றும், முதுமையை அண்டியே பாதிப்பு வெளிப்படுவதால் இயற்கைத் தேர்வு அதனைக் களையவில்லை என்றும் ஆய்வாளர்கள் கருதினர்.

செய்தித்தாள்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா? தமிழரையும் சிங்களவரையும் பஞ்சாபியரையும் பட்டாணியரையும் ஒரே கயிற்றில் கட்டும் 'இதயச் சாபம்' என்று எழுதிவிட்டால் போதும். ஆனால் விஞ்ஞானம் அங்கே நின்றுவிடவில்லை. 2018இல் அமெரிக்காவில் வாழும் தென்னாசியரை ஆராய்ந்த சக்திவேல் சடையப்பனின் குழு, 25 எழுத்துக்கள் விடுபட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவரிடம் அதே பரம்பரையலகில் இன்னொரு பிழையும் இருப்பதையும், அவர்களின் இதய இயக்கத்திலேயே மாற்றம் தெளிவாகத் தெரிவதையும் காட்டியது. 2020இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் மேலும் ஆராய்ந்து, தடிப்பு நோய்க்கான ஆபத்து அந்த 25 எழுத்து விடுபடலால் வருவதன்று, அதனைச் சுமப்போரில் ஒரு சிறு பகுதியினரிடம் அதனுடன் சேர்ந்து பயணிக்கும் வேறோர் ஒற்றை எழுத்து மாற்றத்தாலேயே வருகிறது என்று எழுதினர். ஆறு கோடிப் பேரில் மிகப் பெரும்பாலோர் இவ்விடயத்தில் அஞ்சத் தேவையில்லை. ஒரு சிறு தொகையினர் மட்டும் கவனமாயிருக்க வேண்டும். 2009இன் செய்தியை நான் பல இடங்களில் கண்டேன்; 2020இன் திருத்தம் அச்சில் என் கண்ணிற்பட்டது அரிது. அச்சம் முதற்பக்கத்தில் ஏறுகிறது, ஆறுதல் உட்பக்கத்துக்கும் வருவதில்லை. இது நமது தொழிலின் பழைய நோய்.

இவ்வளவு அறிந்ததால் பயனென்ன என்று கேட்கலாம். பயன் உண்டு. இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டில் ஈடுபடுவோர் அனைவருக்கும் ஈ.சி.ஜி. உட்பட்ட மருத்துவப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. வெனெற்றோ பிராந்தியத்தில் இளம் வீரர்களின் திடீர் மரணம், 1979-80இல் இலட்சத்துக்கு 3.6 ஆக இருந்தது, 2003-04இல் 0.4 ஆகக் குறைந்தது. ஆபத்து அதிகமுள்ளவர்களின் நெஞ்சினுள், துடிப்பு பிறழ்ந்தால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி பொருத்தப்படுகிறது. 2021 ஜூன் 12ஆம் திகதி கோப்பன்ஹேகன் மைதானத்தில் வீழ்ந்த டென்மார்க் வீரர் கிறிஸ்ரியன் எரிக்சன் உயிர் பிழைத்தது, மைதானத்திலேயே நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கொடுக்கப்பட்டதனால்தான். 2022 ஏப்ரலில், அளவுமீறி இயங்கும் மயோசினையே நேரடியாகத் தணிக்கும் மவகம்ரென் என்ற மருந்துக்கு அமெரிக்கா அங்கீகாரம் வழங்கியது. கூனவின் தவளையிலிருந்து அந்த மாத்திரை வரை 158 ஆண்டுகள்.

நமது சமூகத்தில் தடையாக இருப்பது விஞ்ஞானத்தின் போதாமை மாத்திரமன்று, மௌனமும்தான். குடும்பத்தில் இளவயதில் ஒருவர் திடீரென இறந்தால், அதைப் பற்றிப் பேசாதிருப்பதையே நாம் பண்பென்று கருதுகிறோம். பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்குக் குந்தகம் வந்துவிடுமே என்ற பயம் ஒருபுறம். விதி முடிந்தது என்ற ஆறுதல் மறுபுறம். கியூபெக் கிராமத்தவர்கள் சாபம் என்றதையும் நாம் விதி என்பதையும் பிரிப்பது மொழி மட்டுமே. அவர்களது சாபத்தை நீக்கியது மந்திரமன்று. பாட்டன் எந்த வயதில் இறந்தார், சித்தப்பா எப்படி இறந்தார் என்று ஒருவர் கேட்க, குடும்பத்தவர்கள் மறைக்காமல் சொன்னதுதான்.

ஆகவே, நாற்பது வயதுக்கு முன் காரணம் தெரியாமல் திடீரென இறந்த பெற்றோரோ உடன்பிறப்போ உங்களுக்கு இருந்தால், ஓடும்போது மயக்கம் வந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதனை ஒரு வைத்தியரிடம் விபரமாகச் சொல்லுங்கள். ஈ.சி.ஜி.யும் எக்கோ ஸ்கானும் வலியற்றவை. பெரும்பாலும் ஒன்றுமில்லை என்ற பதிலே கிடைக்கும். ஏதேனும் இருந்தால், அது இறந்தவர் தம் இரத்த உறவுக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கையாகும். மரணச் செய்தி எழுதும் நமது இளம் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியாத இடத்தில் 'மாரடைப்பு' என்று எழுதாதீர்கள். 'திடீரென மரணமானார்' என்று எழுதுங்கள். அந்தக் காரணத்தைத் தேடும் உரிமை, எஞ்சியிருக்கும் தம்பி தங்கையருக்கு உண்டு.